திரும்பிக்கொண்ட வீடு

மலையடிவாரத்தில் ஒரு பலகை நடப்போகிறார்களாம். மேலே ஏறுகிறவர்கள் நின்று படிப்பதற்காக, உச்சியில் இருக்கும் தீக்காவல் வீட்டின் வரலாறு ஐந்து வரியில் வேண்டுமாம். ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார். ஆரம்பித்தேன். முதலில் இருந்த மரப்பரணின் கதையைத் தாண்டுவதற்குள் பேனாவை மூடிவிட்டார். "இதெல்லாம் பலகைக்கு வேண்டாம்ப்பா. கட்டின வருஷமும் உயரமும் போதும்" என்றார். வருஷத்தையும் உயரத்தையும் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டுக்குப் போன ஒவ்வொரு ஆணியும் என் கோவேறு கழுதையின் முதுகில் ஏறிப் போனது. அதில் குடியிருந்து சீரழிந்தவள் என் கூடப்பிறந்த தங்கை. சொன்னால் முழுசாகத்தான் சொல்வேன்.

முதலில் உச்சியில் இருந்தது ஒரு பெரிய மரமும் அதன் மேல் ஒரு பரணும்தான். காட்டில் எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் அதில் உட்கார்ந்திருப்பான். மலையிலேயே உயரமான இடம், அதிலும் உயரமான மரம். இடி வேறு எங்கே விழும்? தீ பார்க்கக் கட்டிய பரண்தான் அந்தக் கோடையில் முதலில் எரிந்தது. நல்ல வேளையாக ஆள் அப்போது ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான்.

அடுத்து கல்லில் கட்டினார்கள். கொத்தனார் வேலையில் சுத்தமான மனுஷன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நாலு நாள் நின்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாமல் கனமான சுவராக எழுப்பிவிட்டார். உள்ளே போனால் கதகதப்பான, அருமையான வீடு. என்ன, காடு முழுக்க அந்தப் பக்கம்தான் இருந்தது. காவல்காரன் கூரைமேல் ஏறிக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொத்தனாரைக் கேட்டதற்கு, "ஜன்னல் வேணும்னா ஜன்னல்னு சொல்லணும். வீடு கட்டுன்னீங்க, கட்டினேன்" என்றார். அவர் மேல் யாருக்கும் கோபப்படக்கூட முடியவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் இப்போது இருக்கும் மரவீடு. கல்வீட்டை இடித்துவிட்டு, அதன் அடித்தளத்தின் மேல் பலகையில் ஓர் அறை. நாலு பக்கமும் கண்ணாடி, சுற்றி நடக்க ஒரு குறுகிய வராந்தா. கண்ணாடிகளை ஏற்றியது நானும் என் கழுதையும். அவளுக்கு மகாராணி என்று பெயர். நினைத்த இடத்தில் நிற்பாள், கெஞ்சினால் நடப்பாள். அவளைக் கெஞ்சிக் கெஞ்சி ஏற்றிய கண்ணாடியைப் பொருத்தி முடித்த முதல் காற்றிலேயே கூரை பறந்துபோனது. அதற்கப்புறம்தான் நாலு மூலைக்கும் முறுக்குக் கம்பி போட்டார்கள். கூடாரத்தை இழுத்துக் கட்டுவதுபோல, மூலைக்கு ஒன்றாகப் பாறையில் அடித்த வளையங்களோடு கட்டி, திருகு வைத்து முறுக்கிவிட்டார்கள். வீடு நின்றது.

அறையின் நட்டநடுவில் ஓர் இரும்புக் கால். அதன் மேல் வட்டத்தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றிக் கோடுகளும் எண்களும் இருக்கும். புகை தெரிந்தால் தட்டின் மேல் இருக்கும் சட்டத்தைத் திருப்பி, அதன் துளை வழியாகப் புகையைப் பார்த்து, சட்டம் எந்த எண்ணில் நிற்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். எதிர்மலையிலும் இதேபோல் ஒரு வீடு, ஒரு தட்டு, ஓர் ஆள். அவனும் தன் எண்ணைச் சொல்வான். அடிவார நிலையத்தின் சுவரில் பெரிய வரைபடம் இருக்கிறது. அதில் இரண்டு மலைக்கும் இரண்டு ஆணி, இரண்டு நூல். சொன்ன எண்ணுக்கு நூலை இழுத்தால் இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே தீ. அணைக்கிற ஆட்கள் நேராக அங்கே ஓடுவார்கள்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளைக்கு வேலை அடிவாரத்தில்தான் இருந்தது. கல்யாணமான மறுகோடையில் அவரை மேலே போட்டார்கள். வெயில் தொடங்கியதும் ஏறினால் மழை பிடித்த பிறகுதான் இறங்க முடியும். வேறொருவராக இருந்தால் பெண்டாட்டியைக் கீழே விட்டுவிட்டுப் போயிருப்பார். இவர், "தனியா சமைச்சுக்க எனக்கு வராது மச்சான்" என்றார். அவளும் பின்னாலேயே போனாள்.

வாரத்துக்கு ஒருமுறை நான் சாமான் ஏற்றிக்கொண்டு போவேன். மூட்டையை இறக்குவதற்குள் அவள் புலம்பலை ஆரம்பித்துவிடுவாள்.

"அண்ணே, இது வீடா? ஜன்னலை மறைக்கக் கூடாதாம். திரை போடக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. இடுப்புக்கு மேல ஒரு பலகை அடிக்கக் கூடாது. நாலு பக்கமும் கண்ணாடி இருக்கிற வீட்டுல எங்க நின்னு புடவை மாத்துறதுன்னு கட்டினவன் யாராவது யோசிச்சானா?"

"மலை உச்சியில யாரு பாக்கப்போறா?"

"எதிர்மலைக்காரன் கையிலயும் பைனாகுலர் இருக்குல்ல?"

இடி இறங்கும் நாட்களில் ஏறி நிற்பதற்கென்று கண்ணாடிக் கால் வைத்த ஒரு முக்காலி கொடுத்திருந்தார்கள். மின்சாரம் தாக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரே ஒரு முக்காலி. அதன் மேல் மாப்பிள்ளை ஏறி நின்று மின்னல் எங்கே விழுகிறது என்று எண் சொல்லிக்கொண்டிருக்க, இவள் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "என் மேல விழுந்தா அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லிடுவாரு" என்பாள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பத்து மைலுக்கு அப்பால் எழும்புவது புகையா, மண்புழுதியா, மூடுபனியா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். வேலை தவிர அவருக்கு வேறு பெருமை கிடையாது. அந்தக் கண்ணாடிக்கு வெளியே நடப்பது எல்லாம் தெரியும். உள்ளே நடப்பதை யாராவது உரக்கச் சொன்னால்தான் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. கோடை வந்ததும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இந்தத் தடவை நான் அவரிடம் நேராகவே கேட்டேன், குழந்தை கொஞ்சம் பெரியவளாகும்வரை கீழே வேலை மாற்றித் தரச் சொல்லக்கூடாதா என்று. "கேக்கலாம் மச்சான். யாரை மேல போடுவாங்க? கண்ணு தெரியாதவனைப் போட்டா காடு போயிரும்" என்றார். காடு அவருடைய சொந்தச் சொத்து மாதிரிதான் பேச்சு.

தொட்டில் கட்ட இடம் இருந்தது ஒரே ஒரு மூலையில். அந்த மூலைக் கம்பிதான் காற்றடித்தால் ஊளையிடும். நான் இருக்கும்போதே இந்தப் பேச்சு நடந்தது.

"ஏங்க, அந்தக் கம்பி பொழுதன்னைக்கும் கத்துது. பிள்ளை கண்ணை மூடினா போதும், வீல்னு எழுந்திருக்கா. ஏதாவது பண்ணுங்களேன்."

"எந்தக் கம்பி?"

"தொட்டிலுக்கு வெளிய இருக்கே, அது."

"கத்துதா?" என்று பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "எனக்குக் கேக்கலையே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மகாராணிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அதற்கடுத்த முறை போனபோது வீடு அமைதியாக இருந்தது, குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. "கம்பி அடங்கிருச்சு" என்றாள் தங்கை. அவள் முகத்திலும் கொஞ்சம் தெளிவு இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு பெருங்காற்று ஒன்று அடித்து ஓய்ந்தது. அது ஓய்ந்ததிலிருந்து நான் ஒவ்வொரு முறை மூட்டையோடு படியேறும்போதும் நிலைக்காலில் தோளை இடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிய படி. "உங்க வாசல் சரியில்ல" என்று சொன்னால் இரண்டு பேரும் சிரித்தார்கள். "மச்சானுக்கு வயசாகுது" என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம் என்பதால் நானும் பேசாமல் தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் தீ தப்ப ஆரம்பித்தது. மாப்பிள்ளை எண் சொன்னார், எதிர்மலைக்காரன் எண் சொன்னான், நூல் இழுத்தார்கள், ஆட்கள் ஓடினார்கள். போன இடத்தில் கல்லும் காற்றும்தான் இருந்தன. தீ அதற்கு அடுத்த சரிவில் எரிந்துகொண்டிருந்தது. மண்வெட்டியையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஒரு சரிவு ஏறி இறங்கிய ஆட்கள் திரும்பி வந்து திட்டியதை இங்கே சொல்ல முடியாது. இரண்டாவது முறையும் இதேதான். எதிர்மலைக்காரன் தன் எண் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் எண் சரிதான் என்று பார்த்தும்விட்டார்கள். ஆக, தப்பு எங்கள் வீட்டில்தான்.

ரேஞ்சர் என் கையில் கண் டாக்டரின் எழுத்து அட்டையைக் கொடுத்தனுப்பினார். வராந்தாவின் ஒரு கோடியில் நான் பிடித்துக்கொண்டு நின்றேன், மறுகோடியிலிருந்து மாப்பிள்ளை படித்தார். கடைசி வரிவரை படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். கீழே வந்து சொன்னேன். ரேஞ்சருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"அப்போ கண்ணு நல்லாத்தான் இருக்கு, பாக்குறதில்ல. தூங்குறான். குத்துமதிப்பா ஒரு எண்ணைச் சொல்றான். இன்னொரு தடவை தப்பினா ஆளை மாத்திடுவேன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை வெளியே போய் நின்றுகொண்டார். தங்கை என் பக்கம் குனிந்து, "மாத்தட்டும்ணே. கோயில் கட்டிக் கும்பிடுறேன்" என்றாள்.

மூன்றாவது தீயில் மரம் வெட்டுகிறவர்களின் கொட்டகை ஒன்று போனது. உள்ளே யாரும் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். மறுநாள் காலை ரேஞ்சர், "புது ஆள் நாளைக்கு ஏறுவான். நீ போய் உன் மாப்பிள்ளை சாமானை இறக்கு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், போகும்போது எனக்குச் சந்தோஷம்தான். அவர் பெயர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும், தங்கை கீழே வந்துவிடுவாள் என்றே நினைத்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது மறுபடியும் நிலைக்கால் தோளில் ஒரு போடு போட்டது. அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைக் கீழே எறிந்துவிட்டு வாசலை உட்கார்ந்து பார்த்தேன். படி பாறையில் வெட்டியது, அது நகராது. முன்பெல்லாம் படிக்கு நேர் நடுவில் இருந்த வாசல் இப்போது ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. வீட்டைச் சுற்றி வந்தேன். தொட்டில் மூலைக்குக் கீழே, பலகை அடித்தளக் கல்லைத் தாண்டி நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலைக் கம்பி தொய்ந்து கிடந்தது, துணி காயப்போடுகிற கொடி மாதிரி.

"இங்க வா" என்று தங்கையைக் கூப்பிட்டேன். "இதை யாரு தளர்த்தினது?"

"நான்தான். ஸ்பேனரை எடுத்து நாலஞ்சு சுத்து விட்டேன். அன்னைக்குத்தான் பிள்ளை தூங்கினா, நானும் தூங்கினேன். அதுக்கென்ன இப்போ?"

"வீடு திரும்பியிருக்குடி."

"வீடு எங்கண்ணே திரும்பும்?"

"பெருங்காத்துல ஒரு பக்கம் தள்ளிட்டுப் போயிருக்கு. இந்தா பாரு. வீடு திரும்பினா உள்ள இருக்கிற தட்டும்தானே திரும்பும்? தட்டு திரும்பினா அவரு எவ்வளவு சரியாப் பாத்தாலும் எண்ணு தப்பு. கீழ நூலும் தப்பு."

அவள் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் சேர்ந்து திரும்பியதால் உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை. கோடைத் தொடக்கத்தில் தட்டைச் சரிபார்ப்பார்கள், அதோடு சரி. நடுவில் வீடு திரும்பும் என்று எவன் கண்டான்?

"அப்போ அவரு கண்ணு?"

"கண்ணுக்கு என்ன கேடு."

தொய்ந்து கிடந்த கம்பியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வாயைத் திறக்காதே. சொன்னா தட்டைச் சரி பண்ணிட்டு இங்கயே இருன்னு சொல்லிடுவாங்க. இவரும் இருந்திடுவாரு. எனக்கு ஒரு சுவர் வேணும்ணே. சாய்ஞ்சு உக்காரக் கண்ணாடி இல்லாத ஒரு சுவர். பேச ஒரு பொம்பளை வேணும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஓட ஒரு தெரு வேணும். கம்பியைத் தளர்த்தினது தப்புதான். கொட்டகை எரிஞ்சதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா நாளைக்கு இறங்குற வரைக்கும் பேசாம இரு."

"அவரை வேலை பாக்காதவன்னு சொல்லித்தானே இறக்குறாங்க?"

"நான் எத்தனை தடவை சொன்னேன் கம்பி கத்துதுன்னு? அவரு கேட்டாரா?"

இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அவளை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கி மகாராணியின் மேல் வைத்துக் கட்டினேன். தங்கையும் மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

உள்ளே மாப்பிள்ளை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வரப்போகிற ஆளுக்காக. துடைத்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்று, வெளியே பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வாயேன். அந்தச் சரிவுக்குக் கீழ வெள்ளையாத் தெரியுதே, அது புகையா, பனியா?"

"என்னையா கேக்குறீங்க?"

"எனக்குத் தெரியலம்மா. முன்ன மாதிரி நம்ப முடியல. நீ பாத்துச் சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தங்கை குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். கண்ணாடிப் பக்கம் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்.

"பனிதான். உங்களுக்குத் தெரியாதா? உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வீடுதான் திரும்பியிருக்கு. நான்தான் கம்பியைத் தளர்த்தினேன். பிள்ளை தூங்கலைன்னு தளர்த்தினேன். போதுமா?"

அவர் துடைக்கிற துணியோடு நின்றார். பிறகு நேராகத் தட்டுக்குப் போய்ச் சட்டத்தைத் திருப்பி, எதிர்மலை வீட்டைக் குறி பார்த்தார். அந்த எண் அவருக்கு மனப்பாடம். "ரெண்டு கோடு!" என்றார். "மச்சான், ரெண்டு கோடு தள்ளியிருக்கு! மூணு தீயிலயும் ரெண்டு கோடு!" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்துக் கம்பி தளர்ந்த கதையைச் சொன்னார். யார் தளர்த்தினது என்று ரேஞ்சர் கேட்டபோது, "நான் கவனிக்காம விட்டுட்டேன் ஐயா" என்றார். ரேஞ்சர் சத்தம் போட்டுவிட்டு, கடைசியில் தணிந்தார். "சரி, புது ஆள் வேண்டாம். மழை வரைக்கும் நீயே இரு. அடுத்த கோடைக்கும் உன்னையே எழுதிடுறேன்."

"சரிங்க ஐயா" என்றார் மாப்பிள்ளை.

"திட்டவாவது செய்யுங்களேன்" என்றாள் தங்கை. அவர் காதில் அது விழவில்லை. கை வயர்லெஸ்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு வராந்தாவுக்குப் போய்விட்டார், கம்பியைப் பார்க்க.

தங்கை தொட்டில் துணியை அவிழ்த்தாள். குழந்தையை அதில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "வாண்ணே" என்றாள். வராந்தாவைத் தாண்டும்போது, "நாங்க இறங்குறோம்" என்றாள். அவர் திருகைச் சுற்றிக்கொண்டே, "ம், பாத்துப் போங்க" என்றார். சாயங்காலம் திரும்பிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

பாதை மொட்டைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும். நிழல் கிடையாது. மகாராணி வழக்கம்போல் நடுவழியில் நின்றாள். நான் கெஞ்சினேன். தங்கை ஒருமுறைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை. ஓடையில் மட்டும் உட்கார்ந்து குழந்தைக்கு முகம் கழுவிவிட்டாள். அழுதிருப்பாள் போல, தன் முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது வயர்லெஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"வந்துட்டீங்களா? அப்பாடா! அம்மா, உங்க வீட்டுக்காரர் என் உயிரை வாங்கிட்டாரு. 'இப்போ முதல் வளைவுல இருக்காங்க'ங்கறாரு. 'கழுதை நின்னுருச்சு'ங்கறாரு. 'பிள்ளை தலையில வெயில் படுது, துணியை இழுத்து விடச் சொல்லுங்க'ன்னு சொல்றாரு. இங்க உக்காந்துக்கிட்டு நான் எப்படிம்மா இழுத்து விடுறது? ஓடைகிட்ட நீங்க உக்காந்ததும், 'முகம் கழுவுறா, அழுதாளோ என்னமோ, யாராவது எதிர்ல போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னு ஒரே புலம்பல். தீத் தகவல் வர்ற லைன் இது!"

வயர்லெஸ் கரகரத்தது. "நிலையத்துக்குள்ள போயிட்டாங்க. இப்போ எனக்குத் தெரியல. சரியா வந்தாங்களா? சொல்லுங்க."

தங்கை அந்த வயர்லெஸ் பெட்டியைப் பார்த்தாள். "பக்கத்துல இருந்தப்போ பாக்கத் தெரியல" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"நான்தான். வந்து சேந்துட்டோம். என்னைப் பாத்தது போதும், பின்னாடி திரும்பிப் பாருங்க. அடுப்புல சோறு வெச்சிட்டு வந்துட்டேன். அணைக்கல."

கரகரப்பு நின்றது. வயர்லெஸ்காரர் என்னைப் பார்த்தார். அவர் பொத்தானை விடாமல் பிடித்திருந்தார் போல, தடதடவென்று மரத்தளத்தில் ஓடுகிற சத்தமும், ஏதோ கீழே விழுகிற சத்தமும், இருமலும் கேட்டன. அப்புறம் அவர் குரல்.

"உள்ள ஒரே புகை."

"தெரியும்."

"பானையே கருகிருச்சு. அணைச்சிட்டேன்." நிறுத்தினார். மறுபடி இருமினார். "இப்போ நான் எதைச் சாப்பிடுறது?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு, அதை அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"புது ஆளை அனுப்பச் சொல்லிட்டு இறங்கி வாங்க. போடுறேன்."

வயர்லெஸ்காரர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் பெட்டி மறுபடி கரகரத்தது.

"ரேஞ்சர் ஐயா இருக்காரா அங்க? கூப்பிடு."